பல்செட்டு இல்லாத பதினான்கு நாள்

டாக்னியின் அப்பா அவளுக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு ஒரு பல்செட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. பரிசு வாயில் உட்கார வேண்டுமானால் வாயில் இடம் வேண்டும் அல்லவா? ஆகவே பத்தொன்பது வயதுப் பெண்ணின் இருபத்தேழு பற்களையும் ஒரே காலைப்பொழுதில் பிடுங்கிப் போட்டார்கள். அதில் நான்குதான் சொத்தை. மற்றதெல்லாம் காய்ந்த ரை ரொட்டியை நொறுக்கித் தின்ற நல்ல பற்கள்.

இதைக் கேட்டு அந்தத் தீவில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொடுத்துவைத்தவள் என்றுதான் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில், பூஹுஸ்லேன் என்கிற அந்தக் குளிர்தேசக் கரையோரத் தீவுகளில், பெண்ணைப் பெற்ற தகப்பன் கொஞ்சம் வசதியாக இருந்தால் இதுதான் வழக்கம். பல் எப்படியும் ஒருநாள் வலிக்கத்தான் போகிறது, புருஷன் வீட்டில் போய் முனகுவதற்கு இங்கேயே பிடுங்கி விட்டால் தொல்லை தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. அப்பா உல்ரிக்குக்கும் ஒரு பல்செட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் மாட்டுவார். மற்ற ஆறு நாளும் அது அவருடைய சட்டைப் பையில் புகையிலையோடு புகையிலையாகக் கிடக்கும். மோவாய் மேலேறி மூக்கைத் தொடப்போகும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஆம்பிளை முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

லீசெகில் நகரத்திலிருந்து பல் டாக்டர் படகில் வந்து பள்ளிக்கூடத்து அறையில் கடை விரித்தார். அம்மா பின்னால் நின்று டாக்னியின் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டார்கள், ஆனால் அந்த ஊசி பாதி வலிக்குத்தான் போதுமானதாக இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம். பிடுங்கிய பல் ஒவ்வொன்றும் அதில் விழுந்தது. டக். டக். டாக்னி பதினொன்று வரை எண்ணினாள், அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. வலியைக்கூடப் பிறகு மறந்துபோனாள். அந்தச் சத்தத்தை மறக்கவில்லை.

ஈறு ஆற மூன்று மாதம். வீட்டுக்கு வந்த மறுநாள் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுக் கழுத்தின் மேல் யாரோ ஒரு கிழவியின் முகம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கதவை அடைத்தவள்தான், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை வெளியே வரவில்லை.

அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹில்டிங் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"டாக்னி, கதவத் தொற."

பதில் இல்லை. பேச வாயைத் திறந்தால் சொல்லெல்லாம் குழைந்து போய் வந்தது. அதை அவன் கேட்டுவிடக்கூடாது.

"சரி, பேச வேண்டாம். ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. வலிக்குதா?"

உள்ளிருந்து ஒரு தட்டு.

"நான் போயிரட்டா?"

இரண்டு தட்டு.

அப்படியே மூன்று மாதம் கதவோடு குடும்பம் நடத்தினான் அந்த மனிதன். தீவில் சிரித்தார்கள். அவன் பொருட்படுத்தவில்லை.

கல்யாணத்தன்று காலையில் புதுப் பல்செட்டைத் துடைத்துக் கொடுத்தபோது அம்மா ரகசியமாகச் சொன்னாள்: "கட்டினவன் கண்ணுல இந்த வாய் படவே கூடாதுடி. ஒரு தடவை பாத்துட்டான்னா அப்புறம் அவனுக்கு ஒன்ன பாக்கும்போதெல்லாம் அதுதான் தெரியும்." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் காப்பி போடப் போய்விட்டாள். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனாள்! மகள் அந்த ஒரு பேச்சை முப்பத்து மூன்று வருஷம் தூக்கிச் சுமந்தாள்.

ராத்திரியும் பல்செட்டோடுதான் தூங்கினாள். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டபிறகு கழற்றுவாள், கழுவுவாள், ஈரம் சொட்டச் சொட்ட மறுபடி மாட்டுவாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றபோதும் அது வாயிலேயே இருந்தது. மருத்துவச்சி கழற்றச் சொன்னதற்கு, "வேணும்னா பிள்ளைய உள்ளயே வச்சுக்கறேன்" என்றாளாம். சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். மீன் டப்பா தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு டாக்னி சிரித்தால் எப்படியிருப்பாள் என்றே தெரியாது. ஹில்டிங்குக்குத் தெரியுமா என்றால், அவனுக்கும் அந்தக் கைதான் தெரியும்.

நாற்பது வயதுக்கு மேல் கீழ்ச்செட்டு ஆட ஆரம்பித்தது. ஐம்பதில் அது வாயில் மிதந்தது. பசை போட்டாள், நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசக் கற்றாள். ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்துத்தான் விழுங்கினாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சாப்பிட்டார்கள், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

எண்பதாம் வருஷம் ஜூன் மாதம், ஹில்டிங்கின் தங்கை எல்வியின் பிறந்தநாள். மேசை நடுவில் ஸ்ட்ராபெரியும் க்ரீமும் போட்ட பெரிய கேக். சுற்றிலும் பதினைந்து பேர். டாக்னிக்குத் தும்மல் வந்தது. கை வாய்க்குப் போகுமுன்னே கீழ்ச்செட்டு பறந்துபோய்க் கேக்கில் செருகி நின்றது.

அந்த நொடியில் யாரோ சொன்ன கதைக்கு எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்னி வெடுக்கென்று அதைப் பிடுங்கி மடியில் மறைத்தாள். எல்வி மட்டும் பார்த்துவிட்டாள். பார்த்தவள் ஒன்றுமே நடக்காதது போலக் கத்தியை எடுத்தாள். "இந்தத் துண்டு எனக்கு. பிறந்தநாள்காரிக்குத்தான் மொதல் துண்டு" என்று பள்ளம் விழுந்த துண்டை வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

பிறகு சமையலறையில் கதவைச் சாத்திவிட்டு, "ஏன்டி, இன்னும் எத்தனை கேக்கைக் கெடுக்கப் போற?" என்று கேட்டாள்.

"எனக்குச் சாகலாம் போல இருக்கு எல்வி."

"சாகறதுக்கு முன்ன ஒரு எட்டு கோதன்பர்க் போயிட்டு வா. அங்க ஏதோ டைட்டானியம் திருகு வைக்கறாங்களாம். தாடை எலும்புல திருகைப் பதிச்சிட்டா எலும்பே அதைப் பிடிச்சுக்குதாம். அதுமேல பல்லைப் பூட்டிருவாங்க. அப்புறம் தும்மு, இருமு, என்ன வேணா பண்ணு."

"எலும்புலயா?" டாக்னி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "திருகா?"

"பலகையில முடுக்கற மாதிரிதான்னு வச்சுக்கோயேன்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவள் எல்வி. அன்றிரவு முழுக்க டாக்னியின் காதில் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் கேக்கும் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த தடவை ஹில்டிங் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது பறந்தால்? அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லிண்டெரூத் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். டாக்னியின் கீழ்த் தாடை பென்சில் கனத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"ரொம்பத் தேஞ்சிருக்கு. பல் இல்லாட்டி எலும்பு கரையத்தான் செய்யும். ஆனா இவ்வளவு..." அவர் திரும்பினார். "ராத்திரி செட்டைக் கழட்டி வச்சுட்டுத்தான படுக்கறீங்க?"

"ஆமா டாக்டர்."

பொய் அவ்வளவு வேகமாக வந்தது.

"நல்லது. ராப்பகலா மாட்டிக்கிட்டே இருந்தா அந்த அழுத்தத்துலயே எலும்பு சீக்கிரம் போயிரும். அதான் கேட்டேன்."

தன் வாயை மறைக்கப் பண்ணின காரியமே தன் எலும்பைத் தின்றிருக்கிறது என்பது அந்த நாற்காலியில்தான் அவளுக்குத் தெரிந்தது. பொய்யை அப்போதாவது திருத்தியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் விளக்கினார். முன்பக்கம் ஆறு திருகு. மேலே ஈறைத் தைத்து மூடிவிடுவார்கள். நாலு மாதத்தில் எலும்பு மெல்ல வளர்ந்து திருகைக் கவ்விக்கொள்ளும். பிறகு மறுபடி திறந்து பார்ப்பார்கள். "ஒரே ஒரு விஷயம். ஆபரேஷன் முடிஞ்சு பதினாலு நாளைக்கு வாயில செட்டே மாட்டக்கூடாது. மேல்செட்டும் வேண்டாம், அது கீழ் ஈறைக் கடிக்கும். திருகு ஒரு மயிரிழை அசைஞ்சா எலும்பு பிடிக்காது. உங்க எலும்பு இருக்கற லட்சணத்துக்கு ரெண்டாந்தடவை திருகு வைக்க இடமே கிடையாது. இது ஒரே வாய்ப்பு."

தாடை உடைவதற்கும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை. பதினான்கு நாள் என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள்.

நாள் குறித்ததில் டாக்னி தன் மூளையெல்லாம் செலவழித்தாள். ஹில்டிங்கின் மீன்பிடிப் படகு நவம்பர் மூன்றாம் தேதி வடகடலுக்குக் கிளம்பினால் பதினேழாம் தேதிதான் திரும்பும். ஆபரேஷன் மூன்றாம் தேதி. கச்சிதமாகப் பதினான்கு நாள்.

"கோதன்பர்க்ல பல்லுக்கு என்னமோ பண்றாங்க. நீ கடல்ல இருக்கறப்பவே முடிஞ்சிரும்" என்றாள் அவனிடம்.

"நான் வேணா ஒரு தடவை கடலுக்குப் போகாம கூட வரட்டா?"

"வேண்டாம்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஆபரேஷன் அன்று முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டார்கள், வாய்க்கு மட்டும் ஓட்டை. ஊசி நன்றாகவே வேலை செய்தது. வலி இல்லை. ஆனால் துளை போடுகிற அதிர்வு மண்டை ஓடு முழுவதும் ஓடியது. அவளுக்கு அம்மாவின் மார்பும் பள்ளிக்கூடத்து அறையும் அந்த எனாமல் கிண்ணமும் ஞாபகம் வந்து உடம்பு உதறியது. நர்ஸ் உல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, நிறுத்தச் சொல்லட்டா?"

டாக்னி அந்தக் கையில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள். நர்ஸுக்குப் புரிந்ததோ இல்லையோ, கையை விடவில்லை. காது கிண்ணத்தையே தேடிக்கொண்டிருந்தது. கடைசிவரை அதில் எதுவும் விழவில்லை. இந்தத் தடவை எடுக்கவில்லை, வைக்கிறார்கள் என்று அவள் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை வரவில்லை.

கம்பளித் துண்டால் கண் வரைக்கும் முகத்தைச் சுற்றிக்கொண்டு தீவுக்குத் திரும்பினாள். கண்ணாடியின் மேல் துணியைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் குத்தி, ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்தாள். ப்ளூபெரி கஞ்சியும் மீன் சூப்பும் குடித்தாள். யார் கதவைத் தட்டினாலும் சளி என்று முனகி அனுப்பினாள். பல்செட்டு இரண்டும் மேல்தட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் இளித்துக்கொண்டிருந்தன.

ஒன்பது நாள் அடித்தாகிவிட்டது. பத்தாவது நாள் நண்பகல், தென்மேற்குக் காற்று கூரையைப் பிய்த்தது. டாக்னி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்துகொண்டிருந்தது. ஹில்டிங்கின் படகு.

காற்றுக்குப் பயந்து சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். கரைக்கு வந்து, கயிறு கட்டி, மேடு ஏற அரைமணி நேரம் ஆகும். டாக்னி அந்த அரைமணி நேரத்தில் தம்ளரை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை வைத்தாள். 'இது ஒரே வாய்ப்பு' என்று டாக்டர் சொன்னது காதில் இருந்தது. 'ஒரு தடவை பாத்துட்டான்னா' என்று அம்மா சொன்னது அதற்கும் முன்னாலிருந்தே அங்கே இருந்தது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தையல் மேலேயே செட்டை வைத்து அழுத்தினாள். கண்ணில் பூச்சி பறந்தது.

"சளின்னு சொன்னாங்க படகுத்துறையில" என்றான் ஹில்டிங். "முகம் வீங்கியிருக்கு."

"கொஞ்சம்."

அவனுக்குச் சாப்பாடு வைத்தாள். அவனோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். சந்தேகம் வரக்கூடாதே என்று மீனும் சாப்பிட்டாள். ராத்திரி செட்டோடு படுத்தாள். மறுநாள் காலைக் காப்பிக்கும் அதோடேயே உட்கார்ந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முட்டாள்தனத்துக்கு ஓர் எல்லை வேண்டும். டாக்னியின் பயத்துக்கு அது இருக்கவில்லை.

"டாக்னி, மோவாயில ரத்தம்."

"நாக்கைக் கடிச்சுட்டேன்."

அவன் சர்க்கரை தேடி அலமாரியைத் திறந்தான். கதவின் உள்பக்கம் காகிதம். அவன் மெதுவாகப் படிக்கிறவன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தான். டாக்னி நாற்காலியோடு ஒட்டிப்போனாள்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"பதினொண்ணு."

"இதுல பதினாலுன்னு போட்டிருக்கு."

அவள் காப்பிக் கோப்பையை மேசையில் தள்ளி வைத்தாள்.

"கழட்டு டாக்னி."

அவள் எழுந்து சுவர் வரைக்கும் பின்னால் போனாள். இரண்டு கையும் வாயை மூடியிருந்தன. தலை மட்டும் இல்லை, இல்லை என்று ஆடியது. ஹில்டிங் ஓர் அடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றான். கடலில் பயந்துபோன ஆட்களை அவன் பார்த்திருக்கிறான். பயந்தவனை அதட்டினால் அவன் பிடித்திருக்கிற கயிற்றையும் விட்டுவிடுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

"சரி" என்றான். "பதினாலுக்கு மூணு நாளு பாக்கி. நேத்தும் இன்னைக்கும் நீ கெடுத்தது ரெண்டு. மொத்தம் அஞ்சு. நான் வலைக் கொட்டகையில இருந்துக்கறேன்."

"இந்தக் குளிர்லயா?" கைக்குள்ளிருந்து கேட்டாள்.

"மீனெல்லாம் அங்கதான கிடக்குது? ஒண்ணும் குறை சொன்னதில்ல."

கம்பளியை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னான்: "காலையில சூப்பை வாசல்ல வச்சுட்டு ஒரு தட்டு தட்டுவேன். நான் போனதுக்கப்புறம் எடுத்துக்க. அன்னைக்கும் கதவுக்கு வெளியதான நின்னேன். பழக்கம்தான்."

ஐந்து நாள் அவன் கொட்டகையில் இருந்தான். நவம்பர் மாதக் காற்று பலகை இடுக்கெல்லாம் ஊளையிட்டது. படகுத்துறையில் ஆண்கள் விடுவார்களா?

"என்ன ஹில்டிங், பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"ஆமா. குறட்டையாம்."

"யார் குறட்டை?"

"விசாரணை நடந்துகிட்டு இருக்கு" என்று வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். உண்மையை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

டாக்னி சூப்பைக் குடித்துக்கொண்டே அழுதாள். அவமானம் ஒரு பக்கம், அதைவிட மோசமான பயம் இன்னொரு பக்கம். அந்த ஒரு நாளில் திருகு அசைந்திருந்தால்?

அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. ஈறு மூடியிருந்தது. உள்ளே எலும்பு பிடிக்கிறதா, விடுகிறதா என்று எட்டிப் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் தையல் பிரித்து, செட்டின் அடியில் மெத்தென்று ஒரு பூச்சு பூசிக் கொடுத்துவிட்டு, மார்ச்சில் வாருங்கள் என்றார்கள். அந்த நாலு மாதமும் டாக்னி நாக்கு நுனியால் ஈறைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான்காவது இடம் கொஞ்சம் வலிப்பது போல இருந்தது. மறுநாள் வலிக்காதது போல இருந்தது. கிறிஸ்துமஸுக்குச் சமைத்த பன்றித் தொடையை ஒரு வாய்கூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போடுவாள், மறுமுனையில் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். ஒரே வாய்ப்பு என்று சொன்னாரே. அதைத் தன் கையாலேயே அமுக்கிக் கொன்றுவிட்டோமா? இனி சாகிறவரை கேக்கில் செருகிக்கொண்டு நிற்கிற பல்லோடுதானா? இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழற்றி வைக்க மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள், ஹில்டிங் தூங்கினபிறகு, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு. அவன் எழுமுன்னே எழுந்து மாட்டிக்கொள்வாள்.

மார்ச் மாதம் அதே நாற்காலி. டாக்டர் லிண்டெரூத் கையுறை மாட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பதினாலு நாளும் செட்டு மாட்டலையே?"

டாக்னி கண்ணை மூடிக்கொண்டாள். "மாட்டினேன். பத்தாம் நாளும் பதினொண்ணாம் நாளும். சாப்பிட்டேன், தூங்கினேன். அப்புறம், அன்னைக்கு நீங்க கேட்டதுக்கும் பொய்தான் சொன்னேன். முப்பத்து மூணு வருஷமா ராத்திரி கழட்டினதே இல்ல."

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "பாப்போம்" என்றார்.

ஈறைத் திறந்து, கையிலிருந்த கருவியின் கைப்பிடியால் ஒவ்வொரு திருகையும் தட்டினார். எலும்பு பிடித்திருந்தால் சத்தம் கணீரென்று வரும் என்று நர்ஸ் உல்லா காதோரம் சொல்லியிருந்தாள். முதலாவது, கணீர். இரண்டாவது, கணீர். மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் சத்தம் மழுங்கி விழுந்தது. டாக்டர் மறுபடி தட்டினார். அதே மழுங்கல். விரலால் திருப்பியதும் அது சுலபமாக வெளியே வந்துவிட்டது.

அதைக் கிண்ணத்தில் போட்டார். டக்.

டாக்னிக்கு மறுபடி பத்தொன்பது வயது, அம்மா தலையைப் பிடித்திருக்கிறாள், இனி வரிசையாக எல்லாம் விழப்போகிறது. ஐந்தாவதைத் தட்டுகிறார்கள் என்று தெரிந்தும் காது கேட்க மறுத்தது. நர்ஸ்தான் கையை இறுக்கினாள். கணீர். கடைசியும் கணீர்.

"அஞ்சு இருக்கு" என்றார் டாக்டர். "அஞ்சு போதும்."

"அந்தப் போனது... நான் மாட்டினதாலயா?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "அதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இப்ப அஞ்சுலயும் பல்லைப் பூட்டற கட்டை பொருத்தியிருக்கு. ஈறு ஆற ஒரு வாரம் செட்டு வேண்டாம். அப்புறம் வாங்க, பல்லுக்கு அளவு எடுக்கலாம்." கையுறையைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஒரு வாரம்னா ஒரு வாரம்."

மத்தியானப் படகில் கம்பளித் துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் பல்செட்டு இருந்தது. படகு ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் கை பையைத் தொட்டுப் பார்த்தது. ஹில்டிங் இந்த வாரம் கரையில்தான் இருக்கிறான், படகுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். துறைக்குப் போய்ச் சேருமுன் கழிப்பறைக்குள் போய் மாட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒரு சாயங்காலத்துக்கு மட்டும். அப்படி நினைத்ததும் அந்த டக் மறுபடி கேட்டது. இன்னும் ஐந்துதான் பாக்கி. அவள் கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து அதன்மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டாள்.

துறையில் ஹில்டிங் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தள்ளுவண்டி. அதில் சுருட்டிய படுக்கை, கம்பளி, மேலே தலையணை. படகிலிருந்து அவள் இறங்குகிறாள் என்று தெரிந்ததும் அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படித் திருப்பிக்கொண்டே பேசினான்.

"எல்வி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டாளாம். அஞ்சு நின்னிருச்சாமே. ஒரு வாரமாம்."

டாக்னி அவன் முதுகையே பார்த்தாள். கழுத்தில் நரை. காது மடல் குளிரில் சிவந்திருந்தது.

"கொட்டகையில ஸ்டவ் பத்த வச்சாச்சு. இந்தத் தடவை நவம்பர் மாதிரி இருக்காது. நான் போயிரட்டா?"

முப்பத்து மூன்று வருஷம். ஓடிவிடு, வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் கை நீண்டு தள்ளுவண்டியின் பலகையைத் தொட்டது.

இரண்டு தட்டு.

ஹில்டிங்கின் தோள் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பினான். டாக்னி கம்பளித் துண்டை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று பிரித்து எடுத்தாள். கடைசிச் சுற்று சிக்கியது. அதை அவளே பிடித்து இழுத்தாள். பல்லில்லாத, வீங்கின, மோவாய் மேலேறிய அந்த முகம் மார்ச் மாத வெயிலில் அவனுக்கு நேராக இருந்தது.

அவன் பார்த்தான். நன்றாக, அவசரமில்லாமல், காகிதத்தைப் படித்த மாதிரியே மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"அப்படியே உங்கப்பன்" என்றான் கடைசியில். "சட்டைப் பையில புகையிலை ஒண்ணுதான் குறை."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. பொக்கை வாய் முழுக்கத் திறந்து, சத்தமாக, தையல் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தாள். வழக்கம்போலக் கை வாயை மூட மேலே வந்தது.

ஹில்டிங் தலையணையை எடுத்து அந்தக் கையில் கொடுத்தான். "இதைப் பிடி, மேட்டுல விழுந்துரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.